பாக்கியாவுக்காக அழுகிறோம், செல்வியை மறக்கிறோம்

பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை, கேட்டால் நாடகம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தோட்டத் தலைவர்மார் பலர் நம்மிடம் சொல்லும் குறை இது. மாதர் பிரிவில் இருக்கும் நாம் இந்தக் குறையை அப்படியே ஏற்கத் தயாரில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறவள் அவள். மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, விறகு சுமந்து வீடு வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்கிறாள். அவள் நாளில் உட்காரும் நேரம் அந்த அரை மணித்தியாலம்தான். கூட்டம் வைப்பவர்கள் அந்த நேரத்தைப் பார்த்தா கூட்டம் வைக்க வேண்டும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்கள் கிரிக்கெட் பார்த்தால் அதைக் குறையாக யாரும் எழுதுவதில்லை.

நாடகம் பார்ப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. அதைப் பார்த்துவிட்டு என்ன பேசிக்கொள்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

நமது லயங்களில் நாடகம் புதிதல்ல. 1999 தொடக்கம் 2001 வரை ராதிகாவின் ‘சித்தி’, 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’, 2003 தொடக்கம் 2009 வரை தேவயானியின் ‘கோலங்கள்’ என்று ஒரு தலைமுறை அழுது முடித்தது. அன்று முழு லயத்துக்கும் ஒரு டீவி இருந்தது. இஸ்தோப்பில் பாய் போட்டுக் கூட்டமாகப் பார்த்தோம். இன்று கூரைக்குக் கூரை டிஷ் இருக்கிறது, காம்பராவுக்குக் காம்பரா தனித்தனியாகப் பார்க்கிறோம். மகள் அதே நாடகத்தைப் போனில் வேறு மூலையில் பார்க்கிறாள். அம்மாவும் மகளும் சண்டை போடும் நாடகத்தை அம்மாவும் மகளும் தனித்தனியாகப் பார்ப்பது ஒரு வேடிக்கைதான்.

அண்மைக் காலத்தில் நம் தோட்டங்களில் அதிகம் பேசப்பட்டது விஜய் டீவியின் ‘பாக்கியலட்சுமி’. 2020 ஜூலையில் தொடங்கி 2025 ஓகஸ்டில் முடிந்தது. ‘ஸ்ரீமோயி’ என்ற வங்காள நாடகத்தின் கதை அது. ஹிந்தியில் ‘அனுபமா’ என்ற பெயரில் வந்ததும் இதே கதைதான். வீட்டையே தன் உலகமாக வைத்திருக்கும் பாக்கியா, அவளை மதிக்காத கணவன் கோபி, மாமியார் ஈஸ்வரி, பிள்ளைகள் மூவர். அந்த மூவரில் கடைக்குட்டி இனியா. கணவன் பழைய காதலியைத் தேடிப் போகிறான், பாக்கியா சமையல் தொழில் தொடங்கித் தன் காலில் நிற்கிறாள். கதை எல்லாருக்கும் தெரியும், நீட்டவில்லை. நாம் பேச வருவது பாக்கியாவுக்கும் இனியாவுக்கும் நடுவில் நடந்ததைப் பற்றி.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாலு பேர் முன்னால் பேசத் தெரியாது என்று மகள் கூசுகிறாள். அப்பாதான் அவளுக்குப் பெரிய ஆள். அப்பா வீட்டை விட்டுப் போனபோது அவளும் அவரோடு போய் இருக்கிறாள். அம்மா பெற்று வளர்த்து ஊட்டிவிட்டதெல்லாம் அந்த நேரம் கணக்கில் வரவில்லை. இந்தக் காட்சிகள் வந்த நாட்களில் கொழுந்து மலையில் வேறு பேச்சே இருக்கவில்லை. இனியாவுக்கு விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

ஏசியவர்கள் பலருக்குத் தங்கள் வீட்டிலும் ஓர் இனியா இருப்பது தெரியும். பதுளைப் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்று கடிதம் வந்தால், “அம்மா, நீ வராத, அப்பாவ அனுப்பு” என்று சொல்லும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல் அவளுக்குக் கூச்சம். கையொப்பம் வைக்கச் சொன்னால் அம்மா பெருவிரலை நீட்டுவாளே என்று பயம். லயத்துப் பேச்சு அம்மாவின் வாயில் வந்துவிடுமே என்றும் பயம். அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். சம்பள நாள் வந்ததும் அந்தப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறாள்.

இந்தப் பிள்ளையை நன்றி கெட்டவள் என்று முடித்துவிடுவது லேசு. ஆனால் அந்தக் கூச்சத்தை அவள் வீட்டிலிருந்து கொண்டுபோகவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை அவள் பஸ்ஸில் கேட்டிருக்கிறாள், கடையில் கேட்டிருக்கிறாள், சில வேளை வகுப்பறையிலேயே கேட்டிருக்கிறாள். சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் வாசலில் யாராவது நிரப்பித் தருவார்களா என்று அம்மா காத்து நின்றதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாள். நாட்டின் சட்டம் தமிழையும் அரச கரும மொழி என்கிறது. அந்தக் கந்தோர் அதை மதித்திருந்தால் மகள் அம்மாவைப் பார்த்துக் கூசுவதற்குக் காரணம் ஒன்று குறைந்திருக்கும்.

நாடகம் இதற்குச் சொல்லும் மருந்து என்ன? பாக்கியா இங்கிலீஷ் படிக்கிறாள், கடை வைக்கிறாள், மேடை ஏறுகிறாள். மகள் பெருமைப்படுகிறாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நாமும் கண் கலங்கினோம். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். இங்கிலீஷ் படிக்காத அம்மா, மேடை ஏறாத அம்மா, அறுபது வயதிலும் பெருவிரல் வைக்கும் அம்மா மகளின் மரியாதைக்குத் தகுதி இல்லாதவளா? மரியாதையைச் சம்பாதித்துத்தான் வாங்க வேண்டும் என்று அம்மாமாருக்கு மட்டும் ஏன் விதி? கோபியை மகள் மதித்தபோது அவன் என்ன பரீட்சை பாஸ் பண்ணியிருந்தான்?

எல்லை நகரம் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் தெமோதரைப் பக்கத்தில் இந்தக் கதை வேறு மாதிரியும் நடக்கிறது. 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. நமது பெண்பிள்ளைகள் எல்லையில் கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறார்கள். பாக்கியா வகுப்புக்குப் போய்ப் படித்த இங்கிலீஷை இவர்கள் மேசை துடைத்தே படித்துக்கொண்டார்கள். அதே வெள்ளைக்காரர்கள் அடுத்த நாள் மலைக்கு வந்து கூடையோடு நிற்கும் அம்மாவைப் படம் எடுக்கிறார்கள். கூடையும் படங்கும் கட்டிச் சிரிக்கும் தாய் தபால் அட்டைக்கு அழகு. மகளுக்கு அந்தப் படம் பிடிப்பதில்லை. நமக்கு அவள் கோபம் புரிகிறது. அம்மாவின் வேலையை வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பது அவளுக்கு வலிக்கிறது, அந்த வலி சில நேரம் அம்மாவின் மேலேயே எரிச்சலாக விழுகிறது.

அம்மாவுக்கோ வேறு பயம். “ஹோட்டல் வேலைக்குப் போனா நாளைக்கு யாரு கட்டுவா?” என்கிறாள். மகள் எட்டு மணி பஸ்ஸில் வந்தால் ஏழு மணியிலிருந்தே வாசலில் நிற்கிறாள். பேச்சு வந்துவிடும் என்று பயம். அந்தப் பேச்சைப் பேசுவது யார்? பக்கத்துக் காம்பராதான், நம் சங்கத்துச் சந்தாக்காரர்கள்தான். பெண்பிள்ளை தாமதமாக வந்ததற்கும் யாரையோ விரும்பியதற்கும் கமிட்டியைக் கூட்டித் தீர்ப்புச் சொன்ன தலைவர்மாரும் நம்மில் இருக்கிறார்கள். அது சங்கத்தின் வேலையல்ல. கூலி வெட்டு, நிறுவையில் களவு, அரை நாள் பேர் என்று கமிட்டி கூடித் தீர்க்க வேண்டியவை வரிசையில் நிற்கின்றன.

இனி நாடகத்தில் ஒருபோதும் வராத விஷயத்துக்கு வருகிறோம். தோட்டத்தில் அம்மாவும் மகளும் சண்டை போடுவது பெரும்பாலும் குணத்தாலோ பாசக் குறைவாலோ அல்ல. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவால்தான்.

ஒவ்வொரு அம்மாவும் சொல்வது, “இந்தக் கூடை என்னோட போகட்டும்.” உண்மையான ஆசை. அதற்காகவே அட்டைக் கடிக்கும் மழைக்கும் நின்று பிள்ளையைச் சாதாரண தரம், உயர்தரம் என்று படிக்க வைக்கிறாள். டியூஷன் காசுக்குத் தீபாவளி முற்பணத்தை உடைக்கிறாள். அதே அம்மா ஒரு நாள், “நீ பேர் பதிஞ்சிரு, ரெண்டு வருசம் மட்டும்” என்கிறாள். மகளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி. இவ்வளவு படிக்க வைத்தது இதற்கா என்று கேட்கிறாள். அம்மாவால் பதில் சொல்ல முடிவதில்லை, கத்துகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பழைய காலத்து அம்மா, புதுக் காலத்து மகள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

உள்ளே இருப்பது வேறு. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பெண் தொழிலாளி 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு விலகலாம். விலகினால் காம்பரா? வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா நிலைக்கும் என்ற பயம் லயத்துக்கு லயம் இருக்கிறது. கூரைத் தகரம் மாற்றக் கேட்டால், ஓர் அறை கூட்டிக் கட்டக் கேட்டால், “உங்கள் வீட்டில் யார் வேலைக்கு வருகிறார்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அவன் வரமாட்டான். வீட்டில் இருப்பவள் மகள். ஆகவே கூடை அவள் தலைக்கு வருகிறது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து நான்கைந்து தலைமுறை இருந்த காம்பரா நம்முடையதல்ல என்பதால் வரும் சண்டை இது. இதை அம்மா மகள் பிரச்சினை என்று டீவி சொல்லலாம். சங்கம் அப்படிச் சொல்லக் கூடாது.

சம்பளத்தையும் பாருங்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் கம்பனி 1,550, அரசாங்கம் வருகைக்காக 200, ஆக 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. மாதம் இருபது நாள் முழுப் பேர் விழுந்தால் 35,000 ரூபா. 1,550இன் மேல் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் 2,480 கழியும், மிஞ்சுவது 32,520. அதிலிருந்து முற்பணம், தேயிலைத்தூள், மற்றக் கழிவுகள். கிலோ குறைந்தால் அரைப் பேர், அந்தக் கணக்கும் உடைந்துவிடும். ‘பாக்கியலட்சுமி’ ஐந்து வருடம் ஓடியது. குடும்பத்தில் கடன் வரும், கடை கைமாறும், ஆனால் அரிசிக்குப் போக டியூஷனுக்கு மிச்சம் எவ்வளவு என்று யாரும் விரல் விட்டு எண்ணியதில்லை. நமது வீட்டில் அம்மாவும் மகளும் வாய் திறந்தால் மூன்றாவது வார்த்தை காசு.

அப்பா எங்கே? நாடகம் கோபியை நன்றாகத் திட்டுகிறது, அது வரைக்கும் சரி. 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. வேலைநிறுத்தம் செய்து பெற்றது அது. அதற்கு முன் ஒரே நாள் வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி. சம்பளம் சமமாகியும் நேரம் சமமாகவில்லை. மலைவேலைக்குப் போன ஆண் பகலோடு வீடு வருவான், கொழுந்து மலையில் நின்றவள் மாலை நிறுவை முடிந்து வருவாள். மனைவி சம்பளத்தைக் கணவனே போய் வாங்கும் வழக்கமும் பல தோட்டங்களில் நெடுநாள் இருந்தது. வந்ததும் யார் அடுப்பு மூட்டுவது என்ற கேள்வியில் அப்பா இல்லை, அண்ணன் இல்லை. அம்மா இல்லாத நேரத்தில் மகள். உயர்தரப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் மகள் புத்தகத்தை மூட மாட்டேன் என்கிறாள், அம்மா சோறு ஆகவில்லையே என்று கத்துகிறாள். கயிற்றுக் கட்டிலில் ஒருவர் படுத்துக்கொண்டு, “என்னடி ரெண்டு பேரும் சத்தம்” என்கிறார். சண்டைக்கு அவர் வெளியாளாம்.

வெளிநாட்டுக்குப் போன அம்மாமாரின் மகள்மார் இதில் இன்னொரு ரகம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தம்பி தங்கைக்கு அம்மாவானவர்கள். அம்மா திரும்பி வந்து அதிகாரம் செய்தால், “இத்தன வருசம் எங்க இருந்த?” என்று கேட்கிறார்கள். கேள்வி குத்துகிறது, ஆனால் பொய்யில்லை. 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகத் தடை போட்டது. 2022இல் அதைத் தளர்த்தினார்கள். தகப்பன்மாரிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளை வளர்ப்பு யார் பொறுப்பு என்று அரசாங்கமே நாடகக்காரர்களைப் போலத்தான் நினைக்கிறது.

இப்போது செல்விக்கு வருகிறோம். பாக்கியா வீட்டில் வேலை செய்யும் பெண் செல்வி. பாக்கியாவுக்குத் தோழி, சிரிப்புக்கும் ஆறுதலுக்கும் வருவாள். கதையின் கடைசிப் பகுதியில் செல்வியின் மகன் ஆகாஷும் இனியாவும் விரும்புகிறார்கள். அவன் அரச உயர் பதவிப் பரீட்சைக்குப் படிக்கிற பையன். வேலைக்காரியின் மகன் என்றதும் அந்த வீடு கொந்தளித்தது, செல்வி அவமானப்பட்டாள். இனியாவைப் பணக்கார வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை போதைக்காரன். எல்லாம் உடைந்து, கடைசியில்தான் ஆகாஷுக்குக் கல்யாணம் முடிந்தது.

அந்த வாரங்களில் நமது பெண்கள் பலர் இனியா பக்கமும் இல்லை, ஆகாஷ் பக்கமும் இல்லை. பாக்கியாவுக்குத் துரோகம் செய்துவிட்டாளே மகள் என்று பாக்கியாவுக்காகக் கண்ணீர் விட்டார்கள். நமக்கு இது பெரிய ஆச்சரியம். பாக்கியா யார்? சொந்த வீடு, கார், மூன்று பிள்ளைக்கும் பெரிய படிப்பு. நமது மகள்மார் கொழும்பில் யார் வீட்டில் யாராக இருக்கிறார்கள்? செல்வியாக. அந்த நாடகத்தில் நமக்கு உறவென்று ஒருத்தி இருந்தால் அவள் செல்விதான். அவள் மகளாக ஒருத்தியைக் கதையில் வைத்து, அவள் அம்மாவின் தொழிலைப் பார்த்து என்ன நினைக்கிறாள் என்று கேட்டிருந்தால் அது நமது நாடகம். கேட்கவில்லை. கேட்காததில் அதிசயமுமில்லை, சீரியல் எடுப்பவர்கள் நம்மை நினைத்து எடுப்பதில்லை. ஆனால் பார்க்கும்போது நாமே நம்மை மறந்து எஜமானி வீட்டுச் சோபாவில் போய் உட்கார்ந்துகொள்கிறோமே, அதைத்தான் நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மகள்மாருக்கும் ஒரு வார்த்தை. உன் பாட்டி பிறந்தபோது அவளுக்கு இந்த நாடு இல்லை. 1948 சட்டம் குடியுரிமையை மறுத்தது, 1964 ஒப்பந்தம் ஆட்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. எத்தனையோ பேரைக் கப்பலேற்றிவிட்டு மிச்சப்பட்ட குடும்பத்தில் உன் அம்மா பிறந்தாள். எட்டாம் வகுப்போடு அவள் நின்றது தம்பியைத் தூக்கி வைத்திருக்க. அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் எந்த மலையில் எத்தனை கிலோ விழும், எந்தக் கங்காணி நிறுவையில் எத்தனை கிலோ தள்ளுவான் என்பது அவளுக்கு மனப்பாடம். பெற்றோர் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. கொழுந்துக் கறை தேசிக்காய் தேய்த்தால் பாதி போகும், மீதி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உன் அம்மாவை வைத்தே உன்னை யாராவது தாழ்த்தினால், அந்த ஆசிரியர் யார், பாடசாலை எது என்று மாதர் பிரிவுக்கு வந்து சொல். அம்மாவிடம் கத்தாதே.

அம்மாமாரே, மகளின் போனைப் பறித்து ஒளித்து வைத்தால் எல்லைக்குப் போகும் பஸ் நிற்காது. அவள் எங்கே வேலை செய்கிறாள், எத்தனை மணி நேரம், சேமலாப நிதி போடுகிறார்களா, நியமனக் கடிதம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். “யாரோட பேசின?” என்ற கேள்வியை நூறு முறை கேட்டாயிற்று, இந்தக் கேள்வியை ஒரு முறையாவது கேட்டுப் பாருங்கள். விடுதிகளில் நம் பிள்ளைகள் எந்தப் பதிவும் இல்லாமல் நாள் கூலிக்கு நிற்பது சங்கத்துக்கே சரியாகத் தெரியாது. தோட்டத்துக்கு வெளியே போன தொழிலாளியைச் சங்கமும் மறந்துவிடுகிறது.

சங்கத் தலைமைக்கு நமது கோரிக்கை ஒன்றுதான், ஆனால் பெரியது. காம்பராவை வேலையிலிருந்து பிரிக்க வேண்டும். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இருக்கும் வீடு இருப்பவர்களுக்குச் சொந்தம் என்பது எழுத்தில் வர வேண்டும். ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்று கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் பத்தாயிரம் வீடு என்று அறிவித்துவிட்டுப் போனார். அந்த வீடுகளின் பட்டியல் தோட்டத்துக்கு வரும்போது நம்முடைய பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்திரம் யார் பேரில்? குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் வழக்கம்போல ஆணின் பேரை மட்டும் போட்டுவிட்டு வந்தால், அடுத்த தலைமுறைச் சண்டையும் அதே காம்பராவில்தான் நடக்கும். கணவன் மனைவி இருவர் பேரிலும் போடச் சொல்லுங்கள். கணவன் இல்லாதவள், விட்டுப் போனவன் வீட்டில் இருப்பவள் தனிப் பேரில் கேளுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் தரும்வரை கைநாட்டு வைக்காதீர்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் உயர்தரம் படித்த உங்கள் மகள் வீட்டில்தான் இருக்கிறாள்.